பெல்லட் கிரில்லில் முழு வான்கோழியைப் புகையூட்டிச் சமைக்கும் முறை

வான்கோழி ஒரே பறவைதான் என்றாலும், சமைப்பவர் கையில் அது இரண்டு வேறு வகைக் கறியாகவே வந்து சேருகிறது. நெஞ்சுக்கறி வெளுத்தது, கொழுப்பு குறைந்தது. உட்புற வெப்பம் 165 டிகிரி பாரன்ஹீட்டைத் (74 டிகிரி செல்சியஸ்) தாண்டிச் சற்று மேலே போனாலும் சாறு வற்றிச் சக்கையாகிவிடும். தொடைக்கறியோ சிவந்தது, ஜவ்வும் கொழுப்பும் மிகுந்தது. 175 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (79 டிகிரி செல்சியஸ்) மேல் ஏறினால்தான் அந்த ஜவ்வு இளகி, கறி எலும்பை விட்டு வரும். இவை இரண்டுக்கும் மேலே தோல் இருக்கிறது. குறைந்த வெப்பத்திலேயே பல மணி நேரம் கிடந்தால் அது ரப்பரைப் போலாகிவிடும். ஆனால் புகை நன்றாக ஏறுவதற்கு அந்தக் குறைந்த வெப்பம்தான் வேண்டும்.

இந்த முரணைத் தீர்க்கும் வழி ஒன்றே என்பது பல ஆண்டுகளாகச் செய்து பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவு. முதல் ஒன்றரை மணி நேரத்தைப் புகைக்குக் கொடுக்க வேண்டும். மீதி நேரத்தை வெப்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அதாவது மரத்தூள் குச்சிகளை எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில்லை 225 டிகிரி பாரன்ஹீட்டில் (107 டிகிரி செல்சியஸ்) தொடங்கி, பிறகு 325 டிகிரிக்கு (163 டிகிரி செல்சியஸ்) உயர்த்தி முடிக்க வேண்டும். அமெரிக்காவில் கிரில்கள் பாரன்ஹீட் அளவையே காட்டுவதால், இனி இந்தக் கட்டுரையிலும் டிகிரி என்றால் பாரன்ஹீட் என்றே கொள்ளவும்.

அமெரிக்காவில் வான்கோழிக்கு உரிய நாள் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலும் நாளான தேங்க்ஸ்கிவிங். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டமாக்கப்பட்டது. அன்றைக்கு வீட்டில் அடுப்புக்குத்தான் பெரும் தட்டுப்பாடு. பூசணி பை என்னும் இனிப்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ரொட்டி எல்லாம் ஒரே ஓவனுக்காகக் காத்திருக்கும்போது, ஐந்து மணி நேரம் அதை அடைத்துக்கொள்ளும் பறவையைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்விடுவதே பெரிய நிம்மதி. சுவை அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

கிரில் எப்படி வேலை செய்கிறது

ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980-களில் உருவாக்கி, 1986-இல் காப்புரிமை பெற்ற கருவி பெல்லட் கிரில். அந்தக் காப்புரிமை 2006-இல் காலாவதியான பிறகு பல நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கின. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் உள்ள ஹாப்பர் என்னும் பெட்டியில், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளான பெல்லட்டுகள் இருக்கும். ஆகர் எனப்படும் திருகு, மின்மோட்டாரால் சுழன்று, அவற்றைச் சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். அங்கே ஒரு மின்கம்பி சூடேறிப் பற்றவைக்கும். ஒரு மின்விசிறி தீயை ஊதி, வெப்பத்தையும் புகையையும் உள்ளே சுழலவிடும். தீக்கு மேலே ஓர் இரும்புத் தகடும் அதற்கு மேலே கொழுப்பு வடியும் தட்டும் இருப்பதால், நெருப்பு நேராகக் கறியைத் தொடுவதில்லை. சுருங்கச் சொன்னால், விறகில் எரியும் ஓவன் இது.

இதில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வெப்ப அளவைக் கூட்டினால் விசிறியும் ஆகரும் விடாமல் இயங்கும், பெல்லட் முழுமையாக எரியும், புகை குறையும். வெப்ப அளவைக் குறைத்தால் பெல்லட் கனன்று எரியும், புகை கூடும். ஆகவே 325 டிகிரியில் தொடங்கி அதிலேயே முடித்தால் நல்ல வறுத்த வான்கோழி கிடைக்கும். புகை மணம் மிக மெலிதாகவே இருக்கும். பெரிய கட்டை விறகை எரிக்கும் ஸ்மோக்கர்களின் அடர்ந்த புகையை இந்தக் கருவி எப்போதும் தராது. பறவைக் கறிக்கு அந்த அடர்த்தி தேவையும் இல்லை.

பறவையைத் தேர்ந்தெடுத்தல்

12 முதல் 14 பவுண்டு வரை, அதாவது ஐந்தரை முதல் ஆறேகால் கிலோ வரை எடையுள்ள பறவையே புகைக்கு ஏற்றது. ஆளுக்கு ஒன்றரை பவுண்டு என்று கணக்கிட்டால் எட்டு, ஒன்பது பேருக்குத் தாராளமாக வரும், மறுநாளைக்கும் மிஞ்சும். இருபது பேர் வருகிறார்கள் என்றால் 22 பவுண்டுப் பறவை ஒன்றை வாங்காமல், சிறிய பறவைகள் இரண்டை வாங்குங்கள். நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்டது. குறைந்த வெப்பத்தில் தொடங்கும் சமையலில் பெரிய பறவையின் உட்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே மணிக்கணக்கில் கிடக்கும். நான்கு மணி நேரத்துக்குள் உட்புறம் 140 டிகிரியைத் தாண்டிவிட வேண்டும் என்பது புகைச்சமையல் செய்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. சிறிய பறவை எந்தச் சிரமமும் இல்லாமல் அதைத் தாண்டிவிடும்.

வாங்கும்போது உறையின் மேல் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் உறைந்த வான்கோழிகளில் பலவற்றுக்கு உப்புக்கரைசல் ஏற்கெனவே ஊசியால் ஏற்றப்பட்டிருக்கும். எத்தனை விழுக்காடு என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். கோஷர் என்னும் யூத உணவு முறையில் பதப்படுத்தியவையும் உப்பேறியவையே. அத்தகைய பறவைக்கு மீண்டும் முழு அளவு உப்பிட்டால் விருந்து கெட்டது. எதுவும் ஏற்றப்படாத பறவை கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், கீழே சொல்லும் உப்பின் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உறைநிலை நீக்குவதும் உப்பிடுவதும்

அவசரப்படுகிறவர்கள் தோற்கும் இடம் இது. ஃப்ரிட்ஜில் வைத்து உறைநிலை நீக்க ஒவ்வொரு நான்கைந்து பவுண்டுக்கும் 24 மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. 13 பவுண்டுப் பறவைக்கு மூன்று நாள். வியாழக்கிழமை விருந்து என்றால் சனிக்கிழமை மாலையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, விளிம்புள்ள தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பச்சைக் கறியின் நீர் வேறு உணவின் மேல் சொட்டக் கூடாது. மறந்துவிட்டால் குளிர்ந்த நீர் ஒன்றே மாற்று வழி. நீர் புகாத உறையோடு பறவையை மூழ்கவைத்து, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றி, பவுண்டுக்கு அரை மணி நேரம் வீதம் ஏறத்தாழ ஆறரை மணி நேரம் வைக்க வேண்டும். அப்படி உறைநிலை நீக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். சமையலறை மேடையில் விட்டுவிடுவது கூடவே கூடாது. உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை மாலை உறையைப் பிரியுங்கள். வயிற்றுக்குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள். கழுத்துத் துண்டு ஒரு பக்கமும், ஈரல், இதயம், இரைப்பை அடங்கிய சிறு பை மறுபக்கத்துக் கழுத்துத் தோலுக்கு அடியிலும் இருக்கும். முதன்முறை சமைக்கிறவர்கள் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்துபோவது வழக்கம். விரல் நுனியில் இன்னும் பனிக்கட்டி தட்டுப்பட்டால் இன்னும் சில மணி நேரம் காத்திருங்கள். பறவையைக் குழாய் நீரில் கழுவ வேண்டாம். நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே அடுப்பேற்றுவோம். அந்தப் பழக்கத்தை விடுவது எனக்கும் கடினமாகவே இருந்தது. ஆனால் கழுவும்போது தெறிக்கும் நீர் தொட்டியிலும் பாத்திரங்களிலும் கிருமியைப் பரப்புகிறது; அந்தக் கிருமியைக் கொல்வது வெப்பம்தான். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் ஒற்றி எடுத்தால் போதும்.

உப்பிடுவதில் இரண்டு முறைகள் உண்டு. உப்புநீரில் ஊறவைப்பது ஒன்று, உலர்ந்த உப்பைத் தடவி வைப்பது மற்றொன்று. நீரில் ஊறிய கறி எடை கூடும் என்பது உண்மை. ஆனால் அது ஏற்றுக்கொள்வது வெறும் நீரை, அதனால் வான்கோழியின் சொந்தச் சுவை மங்குகிறது, தோலும் ஈரமாகிவிடுகிறது. உலர்ந்த உப்பையே நான் பரிந்துரைக்கிறேன். தடவிய உப்பு முதலில் கறியின் சாற்றை வெளியே இழுக்கும். அந்தச் சாற்றில் கரைந்து உப்புநீராகும். பிறகு மெல்ல உள்ளே திரும்பிப் போகும். போகும்போது தசையின் புரதங்களைத் தளர்த்திவிடுவதால், வேகும்போது அவை இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது.

கிலோவுக்கு 8 கிராம் உப்பு என்பது என் கணக்கு. ஆறு கிலோப் பறவைக்கு 48 கிராம். கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பரல் உப்பும் பொடி உப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை காட்டும் என்பதால், குறிப்பில் உள்ள கரண்டிக் கணக்கை நம்பி உப்பு கரித்துப்போன வீடுகள் பல. இதில் வெளித்தோலுக்கான உப்போடு மட்டும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்துகொண்டால் தோல் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாகும். கழுத்துப் பக்கமிருந்து விரல்களை நுழைத்து, நெஞ்சின் மேலுள்ள தோலைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரியுங்கள். நடுவே நெஞ்செலும்பின் முகட்டில் மட்டும் தோல் ஒட்டியிருக்கும். அங்கே நகம் படாமல் விரலின் வயிற்றுப் பகுதியால் தள்ள வேண்டும். அந்த இடைவெளியில் வெறும் உப்பில் மூன்றில் ஒரு பங்கை நேராகக் கறியின் மேல் தடவி, பேக்கிங் பவுடர் கலந்த மீதியை வெளித்தோலிலும், சிறிதளவு வெறும் உப்பை வயிற்றுக்குழியிலும் பரப்புங்கள். மூடாமல், கம்பித்தட்டின் மேல் வைத்து, வியாழன் காலை வரை ஃப்ரிட்ஜிலேயே விடுங்கள். தோல் காய்ந்து, தோல்காகிதம் போலச் சற்றே ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்திருந்தால் உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

பெல்லட்டைப் பற்றிச் சில சொற்கள்

ஆப்பிள், செர்ரி, மேப்பிள் மரப் பெல்லட்டுகள் வான்கோழிக்குப் பொருந்தும். செர்ரி தோலுக்கு ஆழ்ந்த செம்பழுப்பு நிறம் கொடுக்கும். ஹிக்கரியைச் சரிபாதி கலந்துகொள்ளலாம். மெஸ்கீட் மாட்டிறைச்சிக்கு உரியது. வெள்ளைக்கறியில் அது கசப்பாகவே தங்கும். வீட்டுக் கணப்புக்கு விற்கும் பெல்லட்டுகள் விலை குறைவு என்பதற்காக அவற்றை வாங்காதீர்கள்; அவற்றில் பைன் போன்ற பிசின் மரங்கள் கலந்திருக்கக்கூடும், அவை உணவுக்கு உரியவை அல்ல.

ஒரு பெல்லட்டை எடுத்து விரல்களுக்கிடையே ஒடித்துப் பாருங்கள். சுள்ளி ஒடிவது போல் சட்டென்று சத்தத்தோடு முறிந்தால் நல்லது. முறிந்த முகம் பளபளப்பாகவும் இருக்கும். சத்தமின்றி உதிர்ந்து தூளானால் அது ஈரம் குடித்துவிட்டது. ஈரம் பட்ட பெல்லட் ஊதிப்போய் ஆகரில் இறுகிவிடும். குறைந்த வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ அரை கிலோவும், வெப்பம் கூடும்போது ஒரு கிலோ வரையும் செலவாகும். நவம்பர் குளிரிலும் காற்றிலும் இன்னும் கூடும். 20 பவுண்டு மூட்டை ஒன்று, அதாவது 9 கிலோ, கையில் இருந்தால் கவலையில்லை.

முதல் நாள் செய்ய வேண்டிய சுத்தம்

புதன்கிழமையே கிரில்லைத் திறந்து, தீக்கிண்ணத்தில் உள்ள சாம்பலை அகற்றி, கொழுப்பு வடியும் தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கொழுப்பு ஒழுகும் குழாயில் அடைப்பு இல்லை என்று பார்த்துவிடுங்கள். வான்கோழியிலிருந்து நிறையக் கொழுப்பு உருகும். பழைய கொழுப்பின் மேல் அது விழுந்து 325 டிகிரியில் சூடேறினால் தீப்பற்றும். கிரில்லைக் கூரையில்லாத திறந்த வெளியில், சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். குளிர் என்பதற்காகக் கார் நிறுத்தும் கராஜுக்குள் வைத்து மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் உயிரைக் குடிக்கும்.

கிரில்லின் எந்தப் பகுதி அதிகம் சுடும் என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கம்பித்தட்டு முழுவதும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, 350 டிகிரியில் சில நிமிடம் மூடி வையுங்கள். முதலில் கருகும் துண்டுகள் இருக்கும் பக்கமே சூடான பக்கம். வான்கோழியின் கால்கள் அந்தப் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். நெஞ்சு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இந்தச் சிறு ஏற்பாடு ஒன்றே, தொடையும் நெஞ்சும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பக்குவமாவதற்குப் பாதி வழியைக் கடந்துவிடும்.

வியாழன் காலை

மாலை நான்கு மணிக்குச் சாப்பாடு என்று கொள்வோம். 13 பவுண்டுப் பறவைக்கு 225 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், 325 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், ஆறவிட முக்கால் மணி நேரம், எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம். எனவே பத்து மணிக்குப் பறவை கிரில்லில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தீ மூட்ட வேண்டும். சீக்கிரம் முடிந்தால் காத்திருக்கலாம். தாமதமானால் பசித்த விருந்தினர் முன் நிற்க வேண்டிவரும்.

பறவையின் மேல் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். வெண்ணெயில் நீரும் பால் திடப்பொருளும் இருப்பதால் தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கிறது. வெண்ணெய் வேண்டுமானால் தோலுக்கு அடியில் வையுங்கள். மேலே தூவ, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, பூண்டுப் பொடி, காரமில்லாத மிளகாய்ப் பொடியான பாப்ரிகா, உலர்ந்த தைம் இலை போதும். நான் இவற்றோடு வறுத்துப் பொடித்த தனியாவும் சேர்ப்பதுண்டு. அது புகையோடு நன்றாகச் சேர்கிறது. மறுபடி உப்பு வேண்டாம். சர்க்கரையும் வேண்டாம், பல மணி நேரச் சூட்டில் அது கருகிக் கசக்கும். இறக்கைகளின் நுனியை முதுகுக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். கால்களைக் கட்டாதீர்கள். கட்டிய பறவை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் மிக மெதுவாக வேகும் உட்தொடைக்கு அனல் போகும் வழி அடைபட்டுவிடும். வயிற்றுக்குழிக்குள் பாதி வெங்காயமும் ஓர் எலுமிச்சைத் துண்டும் தளர்வாகக் கிடக்கலாம். ரொட்டிப் பூரணத்தை மட்டும் அடைக்கக் கூடாது. பறவையின் பச்சைச் சாறு ஊறிய அந்தப் பூரணமும் 165 டிகிரியை எட்டியாக வேண்டும். அது எட்டுவதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். பூரணத்தை ஓவனில் தனித்தட்டில் செய்துகொள்ளலாம்.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வெந்துவிட்டதைக் காட்டுவதற்காகப் பறவையோடு வரும் பிளாஸ்டிக் குமிழ் பெரும்பாலும் நெஞ்சுக்கறி வறண்ட பிறகே மேலே எழும்பும். அதை நம்பக் கூடாது. கம்பி இணைந்த முனை ஒன்றை நெஞ்சின் மிகத் தடித்த பகுதியில் எலும்பைத் தொடாமல் செருகுங்கள், இன்னொன்றைத் தொடையின் உட்பக்கத்தில் செருகுங்கள். எலும்பில் பட்டால் அளவு தவறும். செருகுவதற்கு முன் பனிக்கட்டி நிறைந்த நீரில் முனையை வைத்துப் பாருங்கள். 32 டிகிரி காட்ட வேண்டும்.

பற்றவைத்த முதல் சில நிமிடங்களில் அடர்ந்த வெண்புகை கிளம்பும். அந்தப் புகை கசப்பானது. அது அடங்கி, வானத்தின் பின்னணியில் பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய நீலப்புகை வரும்வரை பறவையை உள்ளே வைக்கக் கூடாது. மற்றக் கறிகளுக்குச் சொல்வதுபோல் அறைச் சூட்டுக்குக் கொண்டுவரும் வேலையும் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக வையுங்கள். குளிர்ந்த மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். பறவைக்கு அடியில், கொழுப்புத் தட்டின் மேல் சிறு தட்டு ஒன்றை வைத்து, அதில் கழுத்துத் துண்டு, வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றோடு மூன்று கோப்பை நீர் ஊற்றிவிட்டால், சொட்டும் சாறு கருகாமல் கிரேவிக்குச் சேர்ந்துவிடும். பறவைக்கும் தட்டுக்கும் நடுவே அனல் சுழல இடம் இருக்கட்டும்.

பிறகு மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்த வெப்பம் முழுவதும் போய்விடும். மேலே சாறு ஊற்றிக்கொண்டே இருப்பதால் கறிக்கு ஈரம் சேர்வதில்லை, தோல்தான் நனைகிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அளவை 325-க்கு உயர்த்துங்கள். இப்போது நெஞ்சின் உட்புறம் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். இத்தனை நேரம் ஆகியும் இவ்வளவுதானா என்று பதற வேண்டாம். இனி எண்கள் வேகமாக ஏறும். நெஞ்சின் தோல் மட்டும் முன்கூட்டியே கறுத்தால், அந்த இடத்தின் மேல் அலுமினிய ஃபாயில் ஒன்றைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

தீ அணைந்துவிட்டால்

ஒரு நவம்பரில் எனக்கு இது நேர்ந்தது. அளவை 325-க்கு உயர்த்திவிட்டு வீட்டுக்குள் போனேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிரில்லின் திரையில் 180 என்று காட்டியது, அடுத்த நிமிடம் 176. ஹாப்பரின் மூடியைத் தூக்கினால் பக்கவாட்டில் பெல்லட் நிறைய இருந்தது. ஆனால் நடுவில் மட்டும் கிணறு தோண்டியது போல் ஆகர் வரை குழி விழுந்திருந்தது. சரிவில் நின்றவை உருண்டு விழாததால் தீக்கு உணவு போகவில்லை. அன்று நான் செய்த தவறு, ஒரு குச்சியால் பெல்லட்டைக் கலைத்துவிட்டு உடனே மறுபடி பற்றவைத்ததுதான். அணைந்த கிண்ணத்தில் அதற்குள் எரியாத பெல்லட்டுகள் விழுந்து குவிந்திருந்தன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் கனன்று, மஞ்சள் கலந்த புகை மூடியின் விளிம்பெங்கும் பீறிட்டது; பறவையின் ஒரு பக்கம் அந்தக் கசப்பை வாங்கிக்கொண்டது.

சரியான முறை இது. முதலில் பறவையை எடுத்து, வீட்டு ஓவனில் 325 டிகிரியில் வைத்துவிடுங்கள். புகை ஏற்கெனவே ஏறிவிட்டது, வெப்பம் எங்கிருந்து வந்தாலும் வெப்பமே. கிரில்லை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, முழுவதும் ஆறிய பிறகு தட்டுகளை எடுத்துத் தீக்கிண்ணத்தைக் காலி செய்து, அதன் பின்னரே மறுபடி மூட்டுங்கள். சாம்பலை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதானால், அது தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பொறி இருந்தாலும் கருவி தீப்பற்றிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் ஹாப்பரைத் திறந்து பெல்லட்டைக் கையால் சமன் செய்துவிடுகிறேன். அந்தக் கோளாறு திரும்ப வரவில்லை.

பக்குவம்

நெஞ்சு 150 டிகிரியைத் தொட்டதும் கிரில்லை விட்டு நகராதீர்கள். அமெரிக்க வேளாண் துறை வான்கோழிக்கு வகுத்திருக்கும் பாதுகாப்பான வெப்பம் 165 டிகிரி. நெஞ்சின் தடித்த பகுதி, தொடையின் உட்பக்கம், இறக்கையின் அடி ஆகிய மூன்றிலும் அது வர வேண்டும். இறக்கிய பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே இறங்குவதால், சில டிகிரி தானே ஏறும். நான் நெஞ்சு 161 அல்லது 162 காட்டும்போது இறக்கி, முனையை எடுக்காமலே விட்டு, 165 வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அறுக்கிறேன். வராவிட்டால் திரும்ப உள்ளே போகும். தொடை அப்போது 175-க்கு மேல் இருக்கும். கடிகாரத்தில் நான் சொன்ன நேரம் ஆகிவிட்டதே என்று பார்க்காதீர்கள். காற்று, குளிர், பறவையின் உடல்வாகு இவற்றுக்கு ஏற்ப அரை மணி முன்பின் ஆகும்.

அறுக்கும்போது தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று அஞ்ச வேண்டாம். விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு, கறிக்கு நிறம் தரும் மயோகுளோபினோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. முழுவதும் வெந்த பிறகும் மாறாது. முதன்முறையாகப் புகைக்கறி உண்ணும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆறவிடுங்கள். ஃபாயிலால் இறுக மூடினால் ஆவியில் தோல் தொய்ந்துவிடும்; மேலே ஒன்றும் இல்லாமலே விடலாம், பெரிய பறவை அவ்வளவு சீக்கிரம் ஆறிவிடாது. இந்த நேரத்தில் தட்டில் சேர்ந்த சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைத் தனியாக எடுத்து, அந்தக் கொழுப்பில் மாவை வறுத்து, சாற்றை ஊற்றிக் கிரேவி காய்ச்சுங்கள். சாற்றில் புகையும் உப்பும் செறிந்திருக்கும். முதலில் ருசி பார்த்து, பாதி அளவுக்கு உப்பில்லாத கோழிச்சாறு கலந்தே செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் கால்களை இடுப்பு மூட்டில் பிரியுங்கள். பிறகு நெஞ்செலும்பின் ஒரு பக்கமாகக் கத்தியை இறக்கி, விலா எலும்பை ஒட்டியே வந்து, அரை நெஞ்சை முழுத்துண்டாக எடுத்துப் பலகையில் வைத்து, இழைக்குக் குறுக்காக வில்லைகள் போடுங்கள். பறவையின் மேலேயே நீளவாக்கில் சீவினால் அதே கறி நார்நாராகத் தோன்றும்.

மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். எலும்புக்கூட்டை எறிந்துவிடாதீர்கள். பெரிய பானையில் நீர், வெங்காயம், மிளகு போட்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டால் புகைமணத்தோடு கூடிய சாறு கிடைக்கும். தெற்கு லூசியானாவில் இதைக் கொண்டு கம்போ என்னும் கெட்டியான சூப் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அதில் புளி சேர்க்காமல், மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக இறக்குகிறோம்.

கிரில் ஆறிய பிறகு, அடுத்த நாளே கொழுப்பு வாளியைக் காலி செய்யுங்கள். கொழுப்பைத் தொட்டியில் ஊற்றாமல், உறையவைத்துக் குப்பையில் போட வேண்டும். மழைக்காலமோ பனிக்காலமோ தொடங்கி, இனிச் சில வாரம் மூட்டமாட்டீர்கள் என்றால், ஹாப்பரில் மிஞ்சிய பெல்லட்டுகளை முழுவதும் எடுத்து, இறுக மூடும் வாளியில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.